எல்லாம் தேய்மானம் இல்லை, ஆச்சி

போன வாரம் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வைத்தியத்துக்கு வந்திருந்தார். (ஆள் தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுப்பவர், கைமுறுக்கு சுற்றுவதில் பெயர் வாங்கியவர். இப்போது முறுக்கெல்லாம் இருக்கட்டும், காபி டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. மணிக்கட்டு இரண்டும் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டன. கொண்டுவந்த ஃபைலைப் பிரித்தால் உள்ளே இருப்பது முழங்கால் எக்ஸ்ரே. வலி கையில், படம் காலுக்கு! அதில் ‘லேசான தேய்மானம்’ என்று ஒரு வரி, கூடவே கால்சியம் மாத்திரைச் சீட்டு.

“எலும்பு தேஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாக டாக்டரம்மா, வயசானா வர்றதுதானே” என்றார் கூட வந்த மாமியார். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும், படியேறி வந்துவிட்டு மூச்சுக்கூட வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார். மருமகளுக்கு வயசாகிவிட்டதாம்.

கால்சியம் கேட்கவில்லை என்றதும் யாரோ சொன்னார்கள் என்று ஓரிடத்தில் நாட்டு மருந்துப் பொட்டலம் வாங்கியிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் வலி பறந்துபோனதாம். கன்னம் உப்பியதும் “இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு” என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்களாம். எதற்கும் பார்ப்போமே என்று சர்க்கரை பார்த்தேன், 340.

இதே கதையை ஆளும் ஊரும் மாற்றி மாற்றிக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தத் தேய்மானத்தை ஒரு வழி பண்ணிவிடுவோம். மூட்டுவலி ஒரு நோய் அல்ல. மூட்டுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள தசை, தசைநாண்களையும் பிடிக்கிற நோய்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றுதான் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ், நீங்கள் தேய்மானம் என்று சொல்வது. அது பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல் வரும், முழங்கால், இடுப்பு, கட்டைவிரலின் அடி, விரல் நுனியை ஒட்டிய கணு ஆகிய இடங்களைப் பிடிக்கும். நடந்தால், படியேறினால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழுந்ததும் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் இறுக்கமாக இருந்து, காபி குடித்து முடிப்பதற்குள் இளகிவிடும். அறுபது தாண்டியவர்களுக்கு முழங்கால் எக்ஸ்ரே எடுத்தால் நிறையப் பேருக்குக் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலை நரைப்பது மாதிரி அது. படத்தில் தெரிகிறது என்பதற்காக உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

நாற்பது வயதில் இரண்டு மணிக்கட்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து தேயாது. விரல்கள் தொடங்கும் முட்டிகள் வரிசையாக வீங்குவதும் தேய்மானத்தால் இல்லை. காலையில் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, வாசல் கோலத்துக்கு மாவைக் கிள்ளி எடுக்க முடியவில்லை, பதினொரு மணிக்கு மேல்தான் கை ‘என் கை’ ஆகிறது என்று ஒரு பெண் சொன்னால் அது வேறு நோய். அனேகமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம் ஊரில் முடக்குவாதம் என்பார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது, சவ்வு வீங்கிப் பக்கத்து எலும்பை அரிக்கிறது. நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வருகிற நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் தொடங்குவது சகஜம். வயதானால் மட்டும் வருகிற நோயே அல்ல!

பிள்ளை பெற்ற வீடுகளில் இன்னொரு சிக்கல். கர்ப்பத்தில் இந்த நோய் பலருக்கு அடங்கியிருக்கும், பிரசவம் முடிந்த சில மாதங்களில் கிளம்பும், சிலருக்கு முதன்முதலாக வருவதே அப்போதுதான். வீட்டில் உடனே “பச்சை உடம்பு, வாயு பிடிச்சுக்கிருச்சு” என்று பூண்டு உரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பூண்டு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைத் தூக்க முடியாமல் அந்தப் பெண் ஆறு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டிருந்தால் அது வாயு இல்லை, தயவுசெய்து கூட்டி வாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், முதல் மூன்றிலிருந்து ஆறு மாதங்கள் பொன்னான நேரம். அதற்குள் சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலோருக்கு நோயை அடக்கிவிடலாம், கை கோணாமல் காப்பாற்றலாம். எலும்பு அரிப்பது முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. அரித்துப்போனதைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் மருந்து இல்லை.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். ‘ஃபுல் பாடி செக்கப்’ என்று ஒரு பேக்கேஜ் எடுத்துவிட்டு ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்று கண்ணீரோடு வருகிறார்கள். மூட்டில் ஒரு வலியும் இல்லை, வீக்கம் இல்லை, பிறகு எதற்கம்மா அந்தப் பரிசோதனை? ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அது பாசிட்டிவாக வரும். காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஒன்றான ஹெபடைட்டிஸ் சி இருந்தாலும் வரும். மறுபக்கம், முடக்குவாதம் உறுதியாக உள்ளவர்களிலும் கணிசமான பேருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். ஆன்டி சி.சி.பி. என்கிற ரத்தப் பரிசோதனை இதைவிட நம்பகமானது, இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும், அவ்வளவுதான். நோயைக் கண்டுபிடிப்பது பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிற டாக்டர், லேப் பேப்பர் அல்ல.

யூரிக் ஆசிடும் இப்படித்தான். 7.2 இருக்கிறது என்று சாம்பாரையே நிறுத்திவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். மூட்டுவலியும் இல்லை, சிறுநீரகக் கல்லும் இல்லை என்றால் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு மருந்தே தேவையில்லை. யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வருகிற கவுட் என்கிற நோய் வந்தால் நீங்கள் கேட்காமலே தெரிந்துவிடும். ராத்திரி நன்றாகத் தூங்கப்போனவர் விடியற்காலை காலின் பெருவிரல் நெருப்பாய் எரிய, மேலே போர்வை பட்டால்கூடக் கத்துவார். கறிவிருந்து, ஈரல், குடல், அதோடு பீரும் சேர்ந்த மறுநாள் வருகிற ஆண்கள் நிறைய. பருப்பு பாவம், அதைத் திட்டாதீர்கள். ஒரு சங்கதி: வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் சாதாரணமாகக் காட்டலாம், அதை நம்பி கவுட் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. அடிக்கடி வந்தால் யூரிக் ஆசிடை 6க்குக் கீழே நிறுத்தும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும், வலி வரும்போது மட்டும் அல்ல.

அப்புறம் இளைஞர்களின் முதுகுவலி. இருபத்தைந்து வயதுப் பையன், டிஸ்க் என்று சொல்லி ஒரு வருடமாகப் படுக்கவைத்திருந்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருக்கிறான், நடந்த நாள்களில் வலி பாதியாகக் குறைந்துவிட்டது, திரும்பி வந்து கடையில் உட்கார்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது. முருகன் அருளில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் நடந்தால் குறைந்து படுத்தால் கூடுகிற, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கிற, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற முதுகுவலி டிஸ்க் வலி மாதிரி இல்லை. முதுகுத்தண்டு மூட்டுகளில் அழற்சி வருகிற ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியச் சில வருடங்கள்கூட ஆகும், எம்.ஆர்.ஐ. முன்னாலேயே காட்டும், அதுவும் முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சேக்ரோஇலியாக் மூட்டுக்கு எடுக்க வேண்டும், வெறும் முதுகுத்தண்டுக்கு எடுத்துப் பயனில்லை. கூடவே ஒரு கண் சிவந்து வெளிச்சம் கூசினால் அதையும் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒரு டாக்டர், முதுகுக்கு ஒரு டாக்டர் என்று பிரித்துப் பார்த்தே வருடங்கள் போய்விடுகின்றன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் செதில், நகத்தில் ஊசி குத்தினாற்போல் குழி, ஒரு விரல் முழுசாக உருண்டு வீங்குவது இருந்தால் சோரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் மூட்டுவாதமாக இருக்கலாம். இளம்பெண்ணுக்கு மூட்டுவலியோடு வெயில் பட்டால் கன்னம் சிவப்பது, வாய்ப்புண், முடி கொட்டுவது, சிறுநீரில் நுரை இருந்தால் லூபஸா என்று பார்க்க வேண்டும், அதுவும் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய், சிறுநீரகத்தையும் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தொண்டை வலித்துச் சில வாரம் கழித்து ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு வலி தாவினால் ருமாட்டிக் காய்ச்சல், மூட்டு தானே சரியாகிவிடும், இதயத்து வால்வு கெட்டால் அப்படி ஆகாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், பிள்ளை நன்றாக ஓடுகிறதே என்று நிறுத்தாதீர்கள். சிக்குன்குனியா வலி மாதக்கணக்கில் நிற்கும், உண்மைதான், ஆனால் 2006இல் வந்த காய்ச்சலை இன்றைய வீக்கத்துக்குக் காரணம் சொல்லாதீர்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, சூடாகி, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

சரி, பொட்டலத்துக்கு வருகிறேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்பதுதான் என் சந்தேகம், அந்த உப்பிய முகமும் ஏறிய சர்க்கரையும் வேறெதையும் காட்டவில்லை. ஸ்டீராய்டு ஒன்றும் கெட்ட மருந்து அல்ல. 1948இல் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க டாக்டர், படுத்த படுக்கையாக இருந்த முடக்குவாதப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. பக்கவிளைவுகளும் சீக்கிரமே தெரிந்துவிட்டன. நாங்களும் கொடுக்கிறோம், மற்ற மருந்து வேலைசெய்யத் தொடங்கும்வரை, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. பெயரும் அளவும் தெரியாமல் வருடக்கணக்கில் தின்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, எலும்பு மெலிவு, இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ரத்த ஓட்டமில்லாமல் சாவது எல்லாம் வரிசையில் வரும். வலி இல்லாததால் நோய் போய்விட்டது என்று நினைப்பீர்கள், உள்ளே மூட்டு அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

நான் சித்த மருத்துவத்தோடு சண்டை போடவில்லை. பட்டம் பெற்று, மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற சித்த மருத்துவர்கள் எனக்கு நண்பர்களாகவே இருக்கிறார்கள். பெயரில்லாத பொட்டலத்தோடுதான் சண்டை. ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே அதைத் தூக்கி எறியாதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் வந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்கு நாங்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்ஸேட். வாரம் ஒரு நாள். திரும்பச் சொல்கிறேன், வாரம் ஒரு நாள். தினம் சாப்பிட்டு, வாயெல்லாம் வெந்து, ரத்த அணுக்கள் இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால்தான் சீட்டில் ‘செவ்வாய் மட்டும்’ என்று தமிழிலேயே எழுதுகிறேன், மருந்துக்கடைத் தம்பிகளும் கவரில் அப்படியே எழுதிக் கொடுத்தால் புண்ணியம். இன்னொரு நாளில் ஃபோலிக் ஆசிட். கூகுளில் தேடிப் ‘புற்றுநோய் மருந்து’ என்று பயந்து நிறுத்துகிறவர்களுக்கு: புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இது அதில் சிறு பங்கு. ரத்தமும் கல்லீரலும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், மது கூடாது, பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடிய மாற்று மருந்துகள் இருக்கின்றன.

புளி, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை. புகைபிடிப்பதை நிறுத்தச் சொன்னேன், அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ மூட்டுவாத நிபுணரைப் பார்க்கப் போவது அலைச்சல்தான். போகும்போது பழைய சீட்டு, எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் கட்டி எடுத்துப்போங்கள், வீக்கம் இருக்கும் நாளில் கையை செல்போனில் படம் பிடித்து வையுங்கள். காலையில் இறுக்கம் எத்தனை மணிவரை நிற்கிறது என்று கேட்டால் “ரொம்ப நேரம்” என்று சொல்லாமல் மணியைச் சொல்லுங்கள். பொட்டலம் மிச்சமிருந்தால் அதையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். அங்கே இருப்பவர் திட்டலாம், நானும் திட்டுவேன். திட்டி முடித்துவிட்டு வைத்தியம் பார்ப்போம்.