செல்லோவைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்

செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, ஆழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியம்) படிக்க வருகிறவர்களிடம் இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்காரின் ஈ மைனர் கான்செர்டோவை, அதாவது தனிச் செல்லோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அவர் எழுதிய நான்கு பகுதிப் படைப்பை, கேட்டுவரச் சொல்வேன். "கேட்டேன் சார், ஆனா நடுநடுவே செல்லோவே காணோம்" என்று பலர் வந்து நிற்பார்கள். எதில் கேட்டீர்கள் என்றால் போனைக் காட்டுவார்கள்.

செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த ஆழம் போனின் குட்டி ஸ்பீக்கரில் வராது. தயவுசெய்து நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

ஆனால் போன் மட்டும் காரணமில்லை. வயலின் ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே ஏறி நின்று பாடிவிடும், செல்லோவின் குரலோ ஹார்ன், பசூன், டிராம்போன் போன்ற ஊது வாத்தியங்கள் எல்லாம் நெருக்கியடிக்கும் அதே ஸ்தாயியில் இருக்கிறது. எல்கார் எழுதியிருப்பதும் சின்னப் படை இல்லை: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ட்ரம்பெட் இரண்டிரண்டு, ஹார்ன் நான்கு, டிராம்போன் மூன்று, டிம்பனி என்ற முரசுகள், தந்தி வாத்தியங்கள், வேண்டுமானால் இன்னும் இரண்டு ஊது வாத்தியங்களான டூபாவும் பிக்கலோவும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, செல்லோ பேசும்போது பெரும்பாலும் மற்றவர்களை அடக்கியே வைக்கிறார். அந்த அடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள் என்றுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் செல்லோ தனியாக, கனமான கார்டுகளோடு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) வரும். அப்புறம் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் துணையே இல்லாமல் ஒரு மெட்டை எடுத்துக் கொடுக்கும், செல்லோ அதை வாங்கிக்கொள்ளும். இரண்டாம் பகுதி இடைவெளி விடாமல் தொடர்வதால் அங்கே கைதட்ட இடமே இல்லை. வேகமானது, ஆனால் இறகு மாதிரி லேசானது. மூன்றாவதுதான் என் உயிர்: கிளாரினெட், பசூன், ஹார்ன், தந்திகள் மட்டும், சுமார் 60 தாள அளவுகள் (ஒவ்வொன்றும் தாளத்தின் ஒரு சிறு சுற்று), அதில் ஒன்றே ஒன்றில்தான் செல்லோ ஓய்கிறது. நான்காவது நீளமானது. முடிவுக்குச் சற்று முன் மூன்றாம் பகுதியின் மெட்டு திரும்பும், அதன் பின்னாலேயே தொடக்கத்து கார்டுகளும் வரும்.

1919 அக்டோபர் 27 அன்று லண்டன் குயீன்ஸ் ஹாலில் ஃபெலிக்ஸ் சால்மண்ட் இதை முதன்முதலில் வாசித்தார். நடத்தியவர் எல்காரேதான், இருந்தும் ஒத்திகைக்குப் போதிய நேரம் கிடைக்காமல் அரங்கேற்றம் சரியாக அமையவில்லை. ஆர்கெஸ்ட்ரா அடங்கி வாசிப்பது ஒத்திகை இல்லாமல் வராது, கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஷஃபிளை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் ஒதுக்கி, நான்கு பகுதிகளையும் வரிசையாகக் கேளுங்கள். மூன்றாவதில் செல்லோ ஓயும் அந்த ஒரு தாள அளவு எங்கே வருகிறது என்று அடுத்த வகுப்பில் கேட்பேன்.