யூரின் இன்ஃபெக்‌ஷன்: தொத்து வியாதி இல்ல, ஆனா தொத்தறதுலதான் விஷயமே

யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டா எங்க ஊர்ல பாதிப் பேரு நீர்க்கடுப்புன்னு சொல்லுவாங்க, மீதிப் பேரு உடம்பு சூடுன்னு சொல்லி இளநி குடிக்கச் சொல்லுவாங்க. நீர்க்கடுப்பு நல்ல சொல்லுதான், கடு-ங்கற வேர்ல இருந்து வர்றது, வயித்துக்கடுப்பு, தேள் கொட்டுன கடுப்பு, மேனேஜர் கிளப்பற கடுப்பு எல்லாம் ஒரே குடும்பம். ஆனா அது நோயோட பேரு இல்ல, நமக்குத் தெரியற வேதனையோட பேரு. கல்லு இருந்தாலும் கடுக்கும், வெயில்ல தண்ணி குடிக்காம அலைஞ்சாலும் எரியும், அங்கெல்லாம் கிருமியே இருக்கணும்னு அவசியமில்ல.

கிருமியால வர்றதுக்குப் புத்தகத் தமிழ் சிறுநீர்ப்பாதைத் தொற்று. இந்தத் தொற்றுங்கற சொல்லத்தான் நான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இன்ஃபெக்‌ஷன் லத்தீன்ல இருந்து வந்தது, மூலச்சொல்லுக்கு அர்த்தம் சாயத்துல முக்கறது, கறைப்படுத்தறது. நம்ம ஆளுங்க தேர்ந்தெடுத்த சொல்லுல சாயமும் இல்ல கறையும் இல்ல. தொற்றுன்னா பிடிச்சுக்கிட்டுத் தொங்கறது, கூட்டமான பஸ்ல படிக்கட்டுல தொத்திக்கிட்டுப் போறோமே, அதேதான். மூத்திரப்பையில நடக்கறதுக்கு லத்தீனை விட இது பல மடங்கு பொருத்தம், ஏன்னா அங்க கிருமியோட முதல் பிரச்சினையே தொத்தறதுதான், நாம ஒவ்வொரு தடவ ஒண்ணுக்குப் போறப்பவும் உள்ள வந்ததையெல்லாம் அடிச்சுக்கிட்டு வெளிய தள்ளிடுது. பெரும்பாலும் குற்றவாளி ஈ.கோலைங்கற பாக்டீரியா. அதோட உடம்பு மேல முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற இழைங்களுக்கு ஃபிம்ப்ரியேன்னு பேரு, லத்தீன்ல குஞ்சம்னு அர்த்தம், நம்ம புடவைத் தலைப்புல தொங்குமே அது. அந்தக் குஞ்சத்தோட நுனியில ஃபிம்ஹெச்னு ஒரு புரதம், அது மூத்திரப்பை உட்சுவர் செல்லுங்க மேல இருக்கற மேனோஸ்ங்கற சர்க்கரையக் கொக்கி போட்டுப் பிடிச்சுக்கும். இதுல அசத்தலான சமாச்சாரம் என்னன்னா நீரோட்டம் இழுக்க இழுக்க அந்தப் பிடி தளராது, இன்னும் இறுகும், டிரைவர் பிரேக் போட்டா படிக்கட்டுல நிக்கறவன் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்கற மாதிரி.

தொத்துனதோட நிக்காம செல்லுக்குள்ளயே புகுந்து கொத்தாப் பெருகுதுன்னு எலிகள்ல செஞ்ச ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. உடம்பும் சும்மா இல்ல, அந்தச் செல்லுங்களையே உதிர்த்து வெளிய அனுப்பிடுது, ஆனா சில கிருமிங்க அடியில இருக்கற செல்லுங்களுக்குள்ள போய்ப் பதுங்கிக்கும், மாத்திரை போட்டுச் சரியானதுக்கப்புறமும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வர்றதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இப்ப தொற்றுங்கற சொல்லால வர்ற வம்பு. தொற்றுன்னதும் தொத்து வியாதின்னு நினைச்சு, பாத்ரூமைத் தனியா வச்சுக்கன்னு சொல்ற வீட்டையெல்லாம் பாத்திருக்கேன். ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டறதுக்கு நம்மகிட்ட ஒட்டுவாரொட்டின்னு அழகான தனிச்சொல்லு இருக்கு, அதை மறந்துட்டு ரெண்டுக்கும் தொற்றுன்னே போட்டதுல வந்த குழப்பம் இது. யூரின் இன்ஃபெக்‌ஷன் ஒட்டுவாரொட்டி இல்லைங்க, கிருமி பெரும்பாலும் நம்ம சொந்தக் குடல்ல இருந்தே வர்றது. ஈ.கோலைங்கற பேர்லயே அது இருக்கு, கோலைன்னா பெருங்குடலோடதுன்னு அர்த்தம். 1885-ல தியோடர் எஷரிக்ங்கற டாக்டர் இதைக் குழந்தைங்க மலத்துல கண்டுபிடிச்சார், அவர் பேர்ல எஷரிக்கியான்னு (ஈ.கோலையில வர்ற ஈ இதுதான்) 1919-ல பேரு வச்ச டாக்டருங்க காஸ்டெலானியும் சால்மர்ஸும் முன்னாடி கொழும்புல வேலை பாத்தவங்க. ஆசனவாய்க்கும் மூத்திரத் துவாரத்துக்கும் நடுவுல பெண்களுக்கு இடைவெளி கம்மி, மூத்திரக்குழாயும் சுமார் 4 செ.மீ. தான், ஆண்களுக்கு அது 20 செ.மீ. பக்கம் வரும், பெண்களுக்கு ஏன் அதிகமா வருதுங்கறதுக்கு இதுதான் முக்கியமான காரணம், சுத்தமில்லாதவங்கன்னு பேசறது அநியாயம்.

டாக்டர் சீட்டுல சிஸ்டைட்டிஸ்னு எழுதியிருந்தா அது மூத்திரப்பை மட்டும். கிரேக்கத்துல கிஸ்டிஸ்னா பை, பின்னாடி வர்ற ஐட்டிஸுக்கு அழற்சி. அழல்னா நெருப்பு, அந்த எரிச்சலுக்கு ரொம்பப் பொருத்தம். சிறுநீர்ப்பை அழற்சின்னு சொல்லலாம்.

இன்னொரு சொல்லு, காலனைசேஷன். மூத்திரத்துல கிருமி வளருதான்னு பாக்கற கல்ச்சர் டெஸ்ட்ல கிருமி வந்திருக்கும், ஆனா எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இருக்காது. இதையும் தொற்றுன்னு எழுதிடறாங்க, குடியேற்றம்னு எழுதறதுதான் சரி. வாடகைக்கு வந்து சத்தமில்லாம குடித்தனம் பண்ற ஆளு மாதிரி அந்தக் கிருமி. கர்ப்பிணிங்க, அந்தப் பாதையில ஆபரேஷனுக்குப் போறவங்க மாதிரி சிலரைத் தவிர மத்தவங்களுக்கு இதுக்குப் பொதுவா ஆன்டிபயாடிக் குடுக்கறதில்ல.