டம்மி: தமிழில் சோதனைப் பாவை

மதுரையிலிருந்து ராமேசுவரம் வரும் பாசஞ்சர். உச்சிப்புளி தாண்டியதும் சடன் பிரேக். எதிர் சீட்டு அக்கா மடியில் வைத்திருந்த தூக்குவாளி பறந்துவந்து என் முழங்காலில் இடித்தது. வண்டி நின்றது, வாளி நிற்கவில்லை. விபத்தில் நாமும் அப்படித்தான். வண்டி மோதுவது முதல் மோதல். போன வேகத்திலேயே நாம் முன்னிருக்கையில் இடிப்பது இரண்டாம் மோதல். அந்த இரண்டாம் அடியை நமக்காக வாங்கும் ஆளுயர மனித உருவம்தான் சோதனைக்கூடத்து டம்மி.

ஆங்கிலத்தில் 'டம்ப்' என்றால் பேச்சற்ற. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'டம்மி' என்பது வாய் பேசாதவரைக் குறித்தது. பிறகு துணிக்கடையில் சட்டை மாட்டி நிற்கும் உருவமும் டம்மியானது. தமிழுக்கு வந்ததும் இன்னும் கீழிறங்கி, ஒன்றுக்கும் உதவாத ஆள் 'டம்மி பீஸ்' ஆகிவிட்டார்.

சோதனை டம்மிக்கு அந்தப் பெயர் அநியாயம். 1949இல் அமெரிக்க விமானப்படை, விமானியை வெளியே வீசும் இருக்கைகளைச் சோதிக்கப் பயன்படுத்திய 'சியரா சாம்' இதன் முன்னோடி. இப்போதுள்ள நடுத்தர ஆண் உருவம் சுமார் 78 கிலோ. ரயில் இருக்கையைச் சோதிக்க முழு வண்டியை மோதவிட வேண்டியதில்லை. இரண்டு வரிசை இருக்கைகளை ஓர் உந்துமேடையில் போல்ட் போட்டு இறுக்கி, பின்வரிசையில் டம்மியை உட்காரவைத்து, மேடையைப் பின்னோக்கிச் சட்டென்று தள்ளுவார்கள். டம்மி முன்சீட்டின் முதுகில் போய் மோதும். அமெரிக்க விதிப்படி, வண்டி ஓடும் திசையில் புவியீர்ப்பைப் போல 8 மடங்கு முடுக்கத்தை இருக்கை தாங்க வேண்டும். தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரக் கூடாது. அதற்காகச் சாய்மானம் கல்லாக இருந்தாலும் ஆபத்து. கொஞ்சம் வளைந்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். தலை, நெஞ்சு, தொடை என்று எங்கே எவ்வளவு அடி விழுந்தது என்பதை உள்ளிருக்கும் உணரிகள் சொல்லிவிடும். பெயர்தான் பேசாதது!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'போலி மனிதன்' எனக்கு ஒப்பவில்லை. போலி என்றாலே ஏமாற்று வேலை நினைவுக்கு வருகிறது. 'பொம்மை' குழந்தையின் கைப்பொருள். நம்மிடம் 'பாவை' இருக்கிறது. கயிற்றால் ஆடி உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையை 1020ஆம் குறளே காட்டுகிறது. மூட்டு மூட்டாக மடங்கும் மனித உருவுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. பாவை என்றால் பெண்ணும்தானே என்று கேட்கலாம். முன்னால் 'சோதனை' சேர்த்துவிட்டால் குழப்பமில்லை. பெண் அளவிலும் குழந்தை அளவிலும்கூட இவற்றைச் செய்கிறார்கள். எல்லாமே சோதனைப் பாவைதான்.