உருக்கொள்ளல்: ஆப்பிரிக்க இறையியலின் ஒரு சொல்லுக்குத் தமிழ்

ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் பற்றித் தமிழில் எது எழுதப்பட்டாலும் நான்காவது வரிக்குள் 'கலாச்சாரத் தழுவல்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. காங்கோவில் குருவானவர் பீடத்தைச் சுற்றி நடனமாடினால் கலாச்சாரத் தழுவல். கேமரூனில் பலாஃபோன் என்னும் மரக்கட்டை இசைக்கருவி ஒலிக்கப் பாடினால் கலாச்சாரத் தழுவல். இயேசுவை மூதாதை என்று ஒரு தான்சானிய இறையியலாளர் எழுதினால் அதுவும் கலாச்சாரத் தழுவல். கிறிஸ்தவ நம்பிக்கை ஒரு மக்களின் பண்பாட்டுக்குள்ளேயே வடிவம் எடுப்பதைக் குறிக்கும் 'இன்கல்ச்சரேஷன்' என்பதற்கு இதுதான் தமிழ் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தச் சொல் எந்தக் கருத்தை ஒதுக்குவதற்காக ஆப்பிரிக்காவில் முன்வைக்கப்பட்டதோ, அதே கருத்தைத் தமிழில் அதற்குப் பெயராகச் சூட்டியிருக்கிறோம். இதைவிடப் பெரிய மொழிபெயர்ப்புப் பிழை இருக்க முடியாது.

பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உழு, பேணு, வழிபடு என்னும் பொருள்களைத் தரும் 'கொலெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து 'குல்தூரா' வந்தது. அதன் முன் 'உள்ளே' என்னும் பொருள் தரும் 'இன்' சேர்ந்தது. நிலத்தைப் பண்படுத்துவதிலிருந்து வந்த நம் 'பண்பாடு' இதற்கு மிக நெருக்கம். 'கலாச்சாரம்' கலையையும் ஆசாரத்தையும் மட்டுமே காட்டுவதால், படிப்பவர் மனம் உடனே உடைக்கும் மேளத்துக்கும் போய்விடுகிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பெல்ஜியம் நாட்டு இயேசு சபையினரின் எழுத்தில் இந்தச் சொல் தலைகாட்டியது. இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே 1978இல் சபையினருக்கு எழுதிய மடலால் பரவியது. 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வி பற்றிய தம் ஏட்டில் இதைப் புதுச்சொல் என்று குறிப்பிட்டதோடு, மனுவுருவாதல், அதாவது கடவுள் மனிதர் ஆனது, என்னும் மறைபொருளின் ஒரு கூற்றை இது நன்றாக வெளிப்படுத்துகிறது என்றும் எழுதினார். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லைத் தேர்வதற்கான வழி இதில்தான் இருக்கிறது. மானுடவியலில் இதை ஒத்து ஒலிக்கும் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. குழந்தை தன் பண்பாட்டைக் கற்றுக்கொண்டு வளர்வது ஒன்று. இரண்டு பண்பாடுகள் உரசி ஒன்றையொன்று மாற்றுவது மற்றொன்று. இவை வேறு. மூன்றையும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் அடைப்பதும் நடக்கிறது.

இப்போது தழுவலுக்கு வருவோம். தழுவல் என்பதற்கு நேரான ஐரோப்பியச் சொல் 'அடாப்டேஷன்'. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு இந்தச் சொல்லைத்தான் கையாண்டது. 1969 ஜூலை இறுதியில் உகாண்டாவின் கம்பாலாவில் ஆப்பிரிக்க ஆயர்களிடம் 'ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் உங்களுக்கு இருக்கலாம், இருக்கவும் வேண்டும்' என்ற பொருளில் பேசிய திருத்தந்தை ஆறாம் பவுலும் தழுவலின் மொழியில்தான் பேசினார். அந்தக் காலத்து மறைபரப்பு இறையியலில் ஒரு கட்டடக் கலைச் சொல் புழங்கியது: பின்னாளில் சுவரை நீட்டிக் கட்டுவதற்காக ஓரத்தில் துருத்தியபடி விட்டுவைக்கும் கற்கள். ஆப்பிரிக்கப் பண்பாட்டில் இத்தகைய கற்கள் காத்திருக்கின்றன, அவற்றோடு கிறிஸ்தவச் சுவரை இணைத்துக் கட்டவேண்டும் என்றார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் கட்டட வரைபடம் ஐரோப்பாவில் போட்டது, கல் மட்டும் உள்ளூரில் எடுத்தது.

1974இல் ரோமில் நற்செய்தி அறிவிப்பைப் பற்றி நடந்த ஆயர் மாமன்றத்தில் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் ஆயர்கள் இதை வெளிப்படையாகவே சொன்னார்கள். தழுவல் இறையியல் காலம் கடந்துவிட்டது, அதன் இடத்தில் மனுவுருவாதலின் இறையியலை நாங்கள் ஏற்கிறோம் என்பது அவர்கள் அறிக்கையின் சாரம். இருபது ஆண்டுகள் கழித்து ரோமும் அதே இடத்துக்கு வந்தது. உரோமைத் திருவழிபாடும் இன்கல்ச்சரேஷனும் பற்றி 1994இல் வெளிவந்த அறிவுரை ஏடு, தழுவல் என்ற பழைய சொல் நிலையற்ற, வெளிப்புறமான மாற்றங்களையே நினைக்கவைக்கும் என்று காரணம் சொல்லிப் புதிய சொல்லை எடுத்துக்கொண்டது. ஆப்பிரிக்க ஆயர்களும் விட்டுவிட்ட சொல், ரோமும் விட்டுவிட்ட சொல். தமிழில் மட்டும் அது ஏன் அரியணையில் இருக்கவேண்டும்?

வரலாற்றை விட்டுவிட்டுத் தமிழ்க் காதோடு கேட்டாலும் இது தவறுதான். 'அவர் கிறிஸ்தவத்தைத் தழுவினார்' என்றால் மதம் மாறினார் என்று பொருள். அப்படியானால் 'கிறிஸ்தவத்தின் கலாச்சாரத் தழுவல்' என்பதற்கு என்ன பொருள்? கிறிஸ்தவம் கலாச்சாரத்துக்கு மதம் மாறியதா? இன்னொரு பக்கம், தழுவல் நாவல், தழுவல் நாடகம் என்கிறோம். அயல்நாட்டுக் கதையை எடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றி, உள்ளூர்க் கதைபோல ஆக்குவது அது. மூலம் வெளியே இருக்கும், மாற்றுபவர் ஒருவர் இருப்பார், மாறுவது மேல்தோல். ஆப்பிரிக்க இறையியலாளர்கள் எதிர்த்தது இதைத்தான்.

காங்கோவின் திருப்பலி முறையைப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கின்ஷாசா பேராயர் கர்தினால் மலுலாவின் முன்முயற்சியில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கப்பட்ட இதற்கு 1988 ஏப்ரல் 30 அன்று ரோம் ஒப்புதல் தந்தது. 'சயீர் மறைமாவட்டங்களுக்கான உரோமைத் திருப்பலி நூல்' என்பது அதன் பெயர்; சயீர் என்பது காங்கோவின் அன்றைய பெயர். தழுவல் என்று நினைத்துப் பார்ப்பவருக்கு நடனமும் மேளமும் மட்டுமே தெரியும். முறைமையின் எலும்பிலேயே நடந்த மாற்றங்கள் கண்ணில் படாது. உரோமை முறையில் தொடக்கத்தில் வரும் பாவமன்னிப்புச் சடங்கு இங்கே மறையுரையும் நம்பிக்கை அறிக்கையும் முடிந்த பிறகு வருகிறது. முதலில் வார்த்தையைக் கேள், அது உன் குற்றத்தைக் காட்டும், பிறகு மன்னிப்புக் கேள் என்பது அதன் ஒழுங்கு. ஊர் கூடிப் பேசி வழக்கைத் தீர்க்கும் ஆப்பிரிக்க மரபின் ஒழுங்கும் அதுதான். மன்னிப்பை அடுத்து உடனே, காணிக்கைக்கு முன்பாகவே, ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்கிறார்கள். நற்செய்தி வாசிக்கப்படும்போது மக்கள் எழுந்து நிற்பதில்லை, அமர்ந்து கேட்கிறார்கள். பெரியவர் பேசும்போது உட்கார்ந்து செவிகொடுப்பதே அங்கே மரியாதை. திருப்பலியை அறிவிக்கவும், மக்களை அழைக்கவும், குருவுக்கும் சபைக்கும் நடுவே பேசவும் அறிவிப்பாளர் ஒருவர் இருக்கிறார். தொடக்கத்தில் புனிதர்களோடு நேரிய உள்ளம் கொண்ட மூதாதையரும் அழைக்கப்படுகிறார்கள். இதை 'உள்ளூர்ச் சாயல்' என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. வழிபாடு காங்கோ மக்களின் சிந்தனை ஒழுங்கில் வேறொரு வடிவம் எடுத்திருக்கிறது.

தழுவல் வேண்டாம் என்பவர்கள் 'பண்பாட்டுமயமாக்கல்' அல்லது 'பண்பாட்டுமயமாதல்' என்று எழுதுகிறார்கள். கலாச்சாரம் போய்ப் பண்பாடு வந்தது நல்லது. ஆனால் 'மயம்' ஆபத்தானது. சிவமயம், பொன்மயம், புகைமயம் என்று எதைச் சொன்னாலும் முழுக்க அதுவே, வேறொன்றும் இல்லை என்றே பொருள். தனியார்மயமானால் அரசுக்கு அங்கே வேலை இல்லை. நற்செய்தி பண்பாட்டுமயமானது என்றால் அது பண்பாட்டில் கரைந்து காணாமல் போயிற்று என்றாகிறது. ஆப்பிரிக்க இறையியலை எதிர்ப்பவர்கள் நெடுங்காலமாகச் சுமத்திவரும் குற்றச்சாட்டு இதுதான்: இது சமயக் கலப்பு, கிறிஸ்தவம் கரைந்துவிட்டது என்பது. அந்த இறையியலின் பெயரே எதிரியின் குற்றப்பத்திரிகையை ஏந்தி நிற்கக் கூடாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் 'உதமதுனிஷோ' என்று பிறவினை வடிவத்திலேயே சொல்கிறார்களே என்று கேட்கலாம். சொல்லட்டும், அந்த மொழிச் சொல்லில் நம் 'மயம்' இல்லை.

'ஆப்பிரிக்கமயமாக்கல்' என்பதை இதற்கு மாற்றாக எழுதுவோர் ஒரு வரலாற்றை மறக்கிறார்கள். 1971இல் காங்கோவின் பெயரைச் சயீர் என்று மாற்றிய அதிபர் மொபுட்டு, அடுத்த ஆண்டு மக்களின் கிறிஸ்தவப் பெயர்களையும் களையச் சொன்னார். இந்தக் கொள்கையோடு மோதியவர் வேறு யாருமல்லர், வழிபாட்டை ஆப்பிரிக்க மண்ணில் வேர்கொள்ளச் செய்ய உழைத்த மலுலாதான். 1972இல் அவர் சில மாதங்கள் ரோமில் தஞ்சம் புக நேர்ந்தது. அரசாணையால் மேலிருந்து திணிக்கும் ஆப்பிரிக்கமயமாக்கல் வேறு, அவர் செய்தது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

என் தேர்வு 'பண்பாட்டில் உருக்கொள்ளல்'. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தைத் திருவிவிலியம் 'வாக்கு மனிதர் ஆனார். நம்மிடையே குடிகொண்டார்' என்கிறது. கத்தோலிக்கத் தமிழில் மனுவுருவாதல் பழகிய சொல். ஆயர்கள் 1974இல் காட்டிய வழியும் 1979 ஏட்டின் குறிப்பும் அந்த 'உரு'வில் வந்து சேர்கின்றன. அப்படியே 'பண்பாட்டுருவாதல்' என்று ஒரே சொல்லாக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதைப் பிரித்துப் படிப்பவர் பண்பாடு ஒன்று உருவாகிறது என்று கொள்வார். 'பண்பாட்டுருவாக்கம்' என்றால் குழப்பம் இன்னும் கூடும். ஒரு சொல் நீண்டாலும் 'இல்' உருபு இருக்கட்டும். இது எளிதில் வினையாகும்: நற்செய்தி கானாவின் அகான் மக்கள் பண்பாட்டில் உருக்கொண்டது. பெயரெச்சமாகும்: பண்பாட்டில் உருக்கொண்ட வழிபாடு. எதிர்மறையும் இயல்பாக வரும்: எங்கும் உருக்கொள்ளாத இறையியல். 'தழுவல்மயமான', 'பண்பாட்டுமயமாக்கப்படாத' என்றெல்லாம் முட்டி மோதத் தேவையில்லை.

இந்தச் சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. பண்பாட்டில் நற்செய்தி உரு எடுக்கும்போது பண்பாடும் மாறவேண்டும் என்பது அருப்பேயின் மடலிலேயே அழுத்தமாக இருக்கிறது; உருக்கொள்ளல் அந்த இரண்டாம் பாதியை மெலிதாகத்தான் சொல்கிறது. அது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அல்ல. 1994 ஏப்ரல் 10 அன்று ரோமில் ஆப்பிரிக்கச் சிறப்பு ஆயர் மாமன்றம் தொடங்கி, திருச்சபையை இறைவனின் குடும்பம் என்ற ஆப்பிரிக்க உருவகத்தில் பேசியது. அதற்கு மூன்று நாள் முன்புதான் பெரும்பான்மை கிறிஸ்தவ நாடான ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியிருந்தது. குலத்தின் எல்லையை மாற்றாமல் குடும்பம் என்ற உருவை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஆப்பிரிக்க இறையியலாளர்கள் இன்றும் விடவில்லை. கேமரூன் இறையியலாளர் ழான்-மார்க் எலா இன்னொரு பக்கத்திலிருந்து கேட்டார்: வடக்கே தினை பயிரிட்டுப் பசியில் கிடக்கும் மலைவாழ் உழவர்களிடம் மூதாதையரையும் மேளத்தையும் மட்டும் பேசுவது போதுமா? இறக்குமதிக் கோதுமையும் திராட்சை இரசமும்தான் நற்கருணைக்கு வேண்டுமா? ஆகவே கட்டுரையில் முதல்முறை எழுதும்போது 'பண்பாட்டில் உருக்கொண்டு அதை மாற்றுதல்' என்று விரித்துவிட்டு, பிறகு சுருக்கி எழுதுவது நல்லது. ஏழ்மை, அரசியல், நிறவெறி ஆகியவற்றை முன்வைத்துப் பேசும் தென்னாப்பிரிக்கக் கறுப்பின இறையியலுக்குச் 'சூழல் இறையியல்' என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை அதற்கே விட்டுவிடலாம்.

தலைச்சொல் சரியானாலும் கீழே உள்ள சொற்கள் கெடுத்துவிடுகின்றன. மோசமானது 'மூதாதையர் வழிபாடு'. தமிழ்க் கத்தோலிக்கர் புனிதர்களுக்கு வணக்கம் செலுத்துகிறார்கள், ஆராதனை இறைவனுக்கு மட்டுமே. இந்த வேறுபாட்டைத் தமக்குக் கவனமாகக் காக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஆப்பிரிக்கருக்கு வரும்போது வழிபாடு என்று எழுதிவிடுகிறார்கள். 'மூதாதையர் வணக்கம்' என்று எழுத என்ன தடை? தான்சானியாவின் சார்லஸ் நியமிதி 1984இல் கிறிஸ்துவை நம் மூதாதை என்று விளக்கியபோது மூதாதைக்குரிய இலக்கணத்தை வகுத்துக்கொண்டே பேசினார்: வாழ்பவரோடு உறவு, இறப்பால் பெற்ற உயர்நிலை, கடவுளுக்கும் மக்களுக்கும் இடையே நிற்றல், நடத்தைக்கு முன்மாதிரி, வாழ்பவரோடு தொடர்ந்து பேசும் உரிமை. இறந்துபோன எவரும் மூதாதை ஆகிவிடுவதில்லை.

'மூதாதையர் ஆவிகள்' என்பது அதைவிடக் கேடு. 'தூய' என்ற அடைமொழி இல்லாமல் ஆவி என்றால் தமிழ்க் காதில் பேய்தான். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் ட்ஸ்வானா மக்களிடையே இதே தவறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. மறைப்பணியாளர் ராபர்ட் மொஃபாட் அவர்களின் மொழியான செட்ஸ்வானாவில் பெயர்த்த விவிலியம் 1857இல் முழுமையடைந்தது. அதில் இயேசு துரத்தும் பேய்களுக்குப் போட்ட சொல் 'பதிமோ'. அந்த மக்களின் மொழியில் பதிமோ என்றால் மதிப்புக்குரிய மூதாதையர். தம் பாட்டன் பாட்டிமாரை இயேசு பன்றிகளுக்குள் ஓட்டினார் என்று அவர்கள் வாசிக்க நேர்ந்தது. முசா டூபே என்ற போட்ஸ்வானா விவிலிய அறிஞர் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். மொஃபாட் மூதாதையரைப் பேய் ஆக்கினார். 'ஆவிகள்' என்று எழுதும் நாமும் அதைத்தான் செய்கிறோம்.

'ங்கங்கா' என்பதை மந்திரவாதி, சூனியக்காரர் என்றெல்லாம் பெயர்ப்பதும் இந்த வகைதான். காங்கோப் பகுதியின் கிகோங்கோ மொழியில் கேடு செய்பவர் 'ந்தோக்கி'. அவர் செய்த கேட்டைக் கண்டறிந்து ஆற்றுபவர் ங்கங்கா. பழைய காங்கோ அரசில் கத்தோலிக்கக் குருவையே 'இறைவனின் ங்கங்கா' என்று அழைத்தார்கள். கிறிஸ்துவை ங்கங்கா என்று எழுதும் கட்டுரையைத் தமிழில் 'மந்திரவாதி கிறிஸ்து' என்று போட்டால் நோயாற்றுபவர் நோய் தருபவராகிவிடுகிறார். வைத்தியர் என்று எழுதலாம். இன்னும் நல்லது, ங்கங்கா என்றே விட்டு முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருவது.