டவுன் சிண்ட்ரோம்: எந்த வகை என்று கேட்டீர்களா?

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கமிருந்து டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையோடு வருகிறவர்களின் ஃபைலில் இதய எக்கோ, தைராய்டு ரிப்போர்ட்டெல்லாம் இருக்கும். குரோமோசோம் டெஸ்ட், அதாவது கேரியோடைப், பல நேரம் இருக்காது. (குரோமோசோம் என்பது ஒவ்வொரு செல்லிலும் மரபுச் செய்தியைச் சுமந்து ஜோடி ஜோடியாக இருக்கும் இழை.) “முகத்தப் பாத்தே சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு டாக்டர்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தக் குழந்தையின் சிகிச்சை அதனால் பெரிதாக மாறாது. அடுத்த குழந்தைக்காகத்தான் அது வேண்டும்.

டவுன் சிண்ட்ரோமில் மூன்று வகை. அது உள்ள 100 பேரில் சுமார் 95 பேருக்கு டிரைசோமி 21. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆம் ஜோடி பிரியாமல் போய், குழந்தைக்கு 46க்குப் பதில் 47 குரோமோசோம்கள் வந்துவிடுகின்றன. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். ஆனால் இளம் தாய்மாருக்கும் பிறக்கிறது. கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ தாய்மாமனைக் கட்டியதாலோ இது வருவதில்லை. (சொந்தத்தில் கட்டுவதால் வரக்கூடிய நோய்கள் வேறு.) அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு சுமார் 1 சதவீதம், தாய்க்கு வயது அதிகமென்றால் கூடும்.

மொசைக் வகை 1, 2 சதவீதம்தான். சில செல்களில் 46, சிலவற்றில் 47. ரத்தத்தில் உள்ள விகிதத்தை வைத்துக் குழந்தையின் வளர்ச்சியைக் கணிக்க முடியாது.

நான் கவலைப்படுவது டிரான்ஸ்லொகேஷனுக்கு. 3, 4 சதவீதம். கூடுதல் 21 தனியாக நிற்காமல், பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். மொத்தம் 46 என்றே வரும். அந்த எண்ணை மட்டும் பார்த்து “நார்மல்னு போட்டிருக்கு” என்று நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு! இதில் மட்டும் பெற்றோர் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். ஒருவர் 45 குரோமோசோமோடு, எந்தக் குறையுமில்லாமல், தெரியாமலே இதைப் பிள்ளைகளுக்குக் கடத்துபவராக இருக்கலாம். 14ஓடு ஒட்டியது தாயிடமிருந்தால் அடுத்த குழந்தைக்கு 10 முதல் 15 சதவீத வாய்ப்பு. தந்தையிடமிருந்தால் மிகக் குறைவு. 21ஓடு 21 ஒட்டியிருப்பவருக்குப் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்குமே டவுன் சிண்ட்ரோம் இருக்கும். இங்கே தாயின் வயதுக்கு வேலையே இல்லை.

கடத்துபவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் அது இருக்கலாம். “தங்கச்சிக்கு வரன் பாக்குறோம், வெளிய சொல்லாதீங்க” என்று கேட்டுக்கொள்கிறார்கள். பயம் புரிகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. அந்தத் தங்கைக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் ஒன்றை அவளிடம் கொடுங்கள். கர்ப்பமாவதற்கு முன்பே டெஸ்ட் எடுப்பது நல்லது. முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம்.