படிக்கட்டுக்கு நேரே வந்து நிற்கும் பெட்டியில் மட்டும் ஏன் அவ்வளவு கூட்டம்?

புறநகர் ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். இறங்க வேண்டிய நிலையத்தில் படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதற்கு நேராக வந்து நிற்பது எந்தப் பெட்டி, அதில் எந்த வாசல் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, ஏறும் நிலையத்திலேயே சரியாக அந்த இடத்தில் போய் நின்றுவிடுவார்கள். எல்லோரும் இதே கணக்கைப் போடுவதால் அந்த ஒரு பெட்டி பிதுங்குகிறது, கடைசிப் பெட்டியில் காலை நீட்டி உட்காரலாம். பயணிகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. படிக்கட்டை அங்கே வைத்தது யாரோ, கூட்டத்தை அங்கே சேர்த்ததும் அவர்தான். அது எந்தக் காலத்து முடிவோ, பல நிலையங்களில் அதற்கு நூறு வயது தாண்டியிருக்கும்.

கதை 1834 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. அயர்லாந்தில் டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுன் வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை திறந்தார்கள். புறநகர் ரயிலின் தொடக்கம் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்வது வழக்கம். 1836இல் லண்டனில் கிரீன்விச் பக்கம் போகும் பாதை ஓடத் தொடங்கியது. வழியிலுள்ள தெருக்களைக் குறுக்கே வெட்டாமல் போக 878 செங்கல் வளைவுகளைக் கட்டி, தண்டவாளத்தை அதன் தலையில் ஏற்றி வைத்தார்கள். குறைந்த தூரம், நிறைய நிறுத்தங்கள், தினமும் அதே முகங்கள். அமெரிக்காவில் இப்படித் தினம் வருகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து மொத்தமாக விற்ற டிக்கெட்டுக்குப் பெயர் ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’. கம்யூட்டர் என்ற சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். அதாவது சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் என்று அர்த்தம், அவ்வளவே.

அந்தக் காலத்தில் நிலையம் என்றால் ஒரு சின்னக் கட்டடம், ஒரு மேடை. நிலம் எங்கே கிடைத்ததோ அங்கே கட்டினார்கள். பாதை வளைந்தால் நடைமேடையும் வளைந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளத் தேவையும் இருக்கவில்லை. ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

ரயில் பெட்டி வளையாது, தண்டவாளம் வளையும். பெட்டியின் இரண்டு முனைகளுக்கு அருகே உள்ள சக்கரத் தொகுதிகள் மட்டும்தான் வளைவின் மேல் இருக்கின்றன; நடுப்பகுதி வில்லின் நாண் மாதிரி உள்பக்கமாக விலகிப் போகிறது. எவ்வளவு விலகும் என்று கேட்டால், அந்த இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்தக் காலத்துக் குட்டிப் பெட்டி, சக்கர இடைவெளி 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 16ஐ 2400ஆல் வகுக்க ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இன்றைய நீளப் பெட்டியில் அது 15 மீட்டர் என்றால் 225ஐ 2400ஆல் வகுக்க வேண்டும், 9 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. தூரம் நான்கு மடங்குகூட ஆகவில்லை, விலகல் பதினான்கு மடங்கு ஆகிவிட்டது.

நடைமேடை வளைவின் உள்பக்கம் இருந்தால் பெட்டியின் வயிறு உரசாமல் இருக்க மேடையைத் தள்ளிக் கட்டியாக வேண்டும். அப்போது முனை வாசல்களில் பெட்டிக்கும் மேடைக்கும் இடையே பள்ளம் விரிகிறது. வெளிப்பக்கம் இருந்தால் இதற்கு நேர்மாறு, முனைகள் மேடையை நெருங்கும், நடு வாசலில் பள்ளம். போதாக்குறைக்கு வளைவில் வெளிப்புறத் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டிருப்பார்கள், அதனால் பெட்டி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். லண்டன் சுரங்க ரயிலில் 1968இல் தொடங்கிய ‘மைண்ட் த கேப்’ (இடைவெளியைக் கவனியுங்கள்) அறிவிப்பு இன்று டீ கப்பிலும் பனியனிலும்கூட அச்சாகிறது. அதன் அடியில் இருப்பது இந்த வகுத்தல் கணக்குதான். மேடை கட்டியவர்கள் தப்பு செய்யவில்லை, பெட்டி வளர்ந்துவிட்டது.

பாதை முடியும் இடத்தில் இருக்கும் நிலையத்துக்கு வேறு தலைவலி. நீராவி இன்ஜின் ரயிலை இழுத்துக்கொண்டு வந்து முட்டுச் சுவர் பக்கம் நின்றுவிடும், பின்னால் பெட்டிகள் வழியை அடைத்திருக்கும். திரும்பிப் போக எதிர்முனையில் ஓர் இன்ஜின் வேண்டும். அதற்காகவே சுற்றிப் போகும் லைன், தண்ணீர்க் குழாய், கரி என்று ஏகப்பட்ட இடம் போனது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் 1920இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். மேடையின் முனையில் ஒரு குட்டி லைனில் இன்னொரு இன்ஜின் தயாராக நிற்கும். ரயில் உள்ளே வந்ததும் அது பின்பக்கமாக வந்து கோத்துக்கொண்டு இழுத்துப் போய்விடும். வந்த இன்ஜின் மெல்ல நகர்ந்து அந்தக் குட்டி லைனில் நின்று அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும். நான்கே நிமிடத்தில் ஒரு ரயில் திரும்பியது. கூட்டம் வகுப்புத் தேடி அலையாமல் இருக்க முதல் வகுப்புப் பெட்டிக்கு மஞ்சள் பட்டை, இரண்டாம் வகுப்புக்கு நீலப் பட்டை அடித்திருந்ததால் ‘ஜாஸ் ரயில்’ என்று பெயர் வந்தது.

ஆனால் இந்தச் சிக்கலுக்கு நிஜமான தீர்வு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 1897இல் சிகாகோவின் உயர்மட்ட ரயிலுக்காக ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற அமெரிக்கப் பொறியாளர், பல பெட்டிகளில் மோட்டாரை வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஓட்டுநர் ஒரே இடத்திலிருந்து இயக்கும் முறையை உருவாக்கினார். இன்றைய புறநகர் மின்ரயில்கள் பெரும்பாலும் அதன் பேரப் பிள்ளைகள். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் ஓட்டுநர் மேடையில் நடந்து மறுமுனைக்குப் போனால் போதும், ரயில் திரும்பிவிட்டது. இப்போது முனைய நிலையத்தில் நெருக்கடி மேடையில் இல்லை, ரயில்கள் நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. வெளியே போகும் ரயில் உள்ளே வரும் ரயிலின் பாதையைக் குறுக்கே வெட்டும் அந்தப் பிரிதடம், அதாவது தண்டவாளங்கள் பிரிந்து சேரும் இடம், எவ்வளவு நேரம் அடைபடுகிறதோ, மொத்தப் பாதையின் திறனும் அதற்குள்தான்.

இடைப்பட்ட நிலையங்களில் பெரும்பாலும் இரண்டே வகை. நடுவில் தண்டவாளம், இரு பக்கமும் மேடை. அல்லது நடுவில் ஒரே மேடை, இரு பக்கமும் தண்டவாளம், இதைத் தீவு மேடை என்பார்கள். தீவுக்கு ஒரு படிக்கட்டு, ஒரு லிஃப்ட் போதும். காலையில் ஒரு திசை, மாலையில் எதிர்த்திசை என்று கூட்டம் மாறும்போது முழு அகலமும் யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கிடைக்கும். ஆனால் பிற்பாடு அகலப்படுத்த முடியாது, இரு பக்கமும் தண்டவாளம் பிடித்து வைத்திருக்கிறதே! இரண்டு ரயில்களும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் அந்த ஒரே படிக்கட்டு திணறும்.

எவ்வளவு திணறும்? நெரிசலில் ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 பேர் போகலாம். படிக்கட்டு 2 மீட்டர், இறங்கியது 500 பேர் என்றால் மேடை காலியாக 5 நிமிடம் ஆகும். அடுத்த ரயில் மூன்றாவது நிமிடம் வந்து நிற்கிறது. ஏற வந்தவர்களும் இறங்கியவர்களும் படிக்கட்டின் வாயில் முட்டிக்கொள்ள, அதற்கு நேரேயுள்ள வாசல் மட்டும் மூடுவதற்குக் கூடுதலாக 20 நொடி எடுக்கிறது. மற்ற வாசல்கள் எல்லாம் சும்மா திறந்து கிடந்தாலும் ரயில் கிளம்ப முடியாது. 180 நொடிக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 20, அது 200 நொடி ஆனால் 18. ஒரு படிக்கட்டு இரண்டு முழு ரயில்களைத் தின்றுவிடுகிறது.

அதனால்தான் புதிதாகத் திட்டமிடும்போது ஒரு நிலையத்தில் படிக்கட்டை முன்பக்கமும் அடுத்ததில் பின்பக்கமும் வைத்து, ஏறுகிறவர்களைப் பெட்டிகளெங்கும் பரப்பப் பார்க்கிறார்கள். இது நன்றாகவே வேலை செய்யும், பெரும்பாலானோர் இடையில் இறங்குகிற பாதையில். எல்லோரும் கடைசி நிலையத்துக்கே போகிறார்கள், அங்கே வெளியேறும் வழி முட்டுச் சுவர் பக்கம் மட்டும்தான் என்றால், வழியில் படிக்கட்டை எங்கே மாற்றி வைத்தாலும் முதல் பெட்டி பிதுங்கத்தான் செய்யும்.