சோடா உப்ப வைக்கும், வெண்ணெய் ஏடு பிரிக்கும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், டென்னசியிலோ ஜார்ஜியாவிலோ காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பிஸ்கட் கேட்டால், டீயில் நனைத்துத் தின்கிற மொறுமொறு வில்லை வராது. உள்ளங்கை அகலத்தில், இரண்டு விரல் உயரத்துக்கு உப்பி நிற்கிற ஒன்று வரும். அதற்குக் கத்தி வேண்டாம். இரண்டு கைகளாலும் பிடித்து லேசாக இழுத்தால் நடுவில் தானாகப் பிரிந்து ஆவி விடும். மேலே பொன்னிறத் தோல், உள்ளே ஏடு ஏடாக வெண்ணெய் வாசனை. அதன்மேல் தேன் ஊற்றியும் சாப்பிடுவார்கள், காரமான இறைச்சிக் குழம்பை ஊற்றியும் சாப்பிடுவார்கள்.

பிஸ்கட் என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் 'இருமுறை சுட்டது' என்று பொருள். ஒருமுறை சுட்டு, மறுபடி உலர்த்திச் சுட்ட கப்பல்காரர்களின் கட்டி ரொட்டிக்கு வந்த பெயர் அது. தென் மாநிலத்து பிஸ்கட் ஒரே ஒருமுறை, அதுவும் பதினைந்தே நிமிடம் சுடப்படுகிறது.

முதல் முறை நான் இதைச் செய்தபோது எழும்பவே இல்லை. சோடா குறைந்துவிட்டது போல என்று நினைத்து, அடுத்த தடவை இரண்டு மடங்கு போட்டேன். கொஞ்சம் உயர்ந்தது உண்மைதான். ஆனால் உள்ளே அங்கங்கே மஞ்சள் திட்டு. வாயில் வைத்தால் சவுக்காரம் கரைத்த மாதிரி ஒரு வழவழப்பு. அத்தனை வெண்ணெய் போட்டும் அதன் ருசி நாக்கில் படவே இல்லை. சோடாதான் இதை உப்ப வைக்கிறது என்ற என் நினைப்பே பாதிதான் சரி என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது.

நன்றாக வந்த ஒரு பிஸ்கட்டைப் பிட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு விதமான வெற்றிடம் தெரியும். ஒவ்வோர் ஏட்டுக்குள்ளும் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னத் துளைகள். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே, படுக்கை வாட்டில் பிரிந்த நீளமான இடைவெளிகள். துளைகளை உண்டாக்குவது சோடாவிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு. இடைவெளிகளை உண்டாக்குவது வெண்ணெயிலிருந்து வரும் நீராவி. துளைகள் இல்லாவிட்டால் பிஸ்கட் கனக்கும். இடைவெளிகள் இல்லாவிட்டால் அது சாதாரண பன் மாதிரிதான் இருக்கும். செய்முறையில் சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டு வாயுக்களும் நேரத்துக்கு முன்னால் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

முதலில் சோடா. நம் வீடுகளில் ஆப்ப சோடா, சமையல் சோடா என்று சொல்கிறோமே, அதே சோடியம் பைகார்பனேட். இது ஒரு காரம். ஈரமும் அமிலமும் சேர்ந்தால் உடனே நுரைத்து வாயுவை விடும். அமெரிக்கர்கள் அதற்குச் சேர்க்கும் அமிலம் மோர். வெண்ணெய் கடைந்த பிறகு மிஞ்சும் மோர்தான் முதலில் பயன்பட்டது. இப்போது அங்கே கடைகளில் கிடைப்பது பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்க வைத்த கெட்டியான மோர். இரண்டிலும் புளிப்பைத் தருவது லாக்டிக் அமிலம்தான். நம் வீட்டு மோர் தண்ணீராக இருக்கும், அது சரிப்படாது. நன்றாகப் புளித்த கெட்டித் தயிர் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு அடித்தால் ஏறக்குறைய அதே பதம் வந்துவிடும்.

அரைத் தேக்கரண்டி சோடா சுமார் இரண்டரை கிராம் இருக்கும். போதிய அமிலம் கிடைத்து அது முழுவதும் வினைபுரிந்தால், அறை வெப்பநிலையில் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான வாயு வரும். அந்தச் சிட்டிகைப் பொடியிலிருந்து ஒரு தண்ணீர்ச் செம்பு நிறைய வாயு! ஓவன் சூட்டில் அது இன்னும் விரியும். ஒரு கப் மோரின் புளிப்பு இந்த அரைத் தேக்கரண்டிக்குத்தான் ஈடுகொடுக்கும். அதற்கு மேல் போடும் சோடாவுக்கு அமிலம் மிச்சமிருக்காது. அப்போது அது வெறும் சூட்டில் சிதையும். அப்படிச் சிதைந்தால் பாதி அளவு வாயுதான் வரும், மீதி சோடியம் கார்பனேட்டாக மாவிலேயே தங்கிவிடும். சோடியம் கார்பனேட் என்பது துணி வெளுக்கும் சலவை சோடா. நான் வாயில் உணர்ந்த வழவழப்பு அதுதான். மஞ்சள் திட்டுகளும் அதன் வேலைதான்: கோதுமை மாவில் இயல்பாகவே இருக்கும் சில நிறமிகள் காரம் பட்டால் மஞ்சளாகும். மஞ்சள் தூளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமமாகச் சிவக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சோடாவைச் சலிக்காமல் கட்டியாகப் போட்டால், கட்டி இருந்த இடமெல்லாம் திட்டு விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோடா புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. மாவு சலிக்கும்போதும், வெண்ணெயை மாவில் உதிர்க்கும்போதும், கலக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. சோடா விடும் வாயு முதலில் மாவின் ஈரத்தில் கரைந்து, பிறகு அந்தக் குமிழிகளுக்குள் போய் அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. அதனால் மாவைச் சலிப்பதை வெறும் சம்பிரதாயமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். துளைகளுக்கான விதை அங்கேதான் விழுகிறது.

மோர் பட்ட நொடியிலிருந்து வாயு வெளியேறத் தொடங்கிவிடும். பிசைந்து மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் பாதி போயிருக்கும். ஓவனை முன்னாடியே சூடேற்றி வைத்துவிட்டு, அதற்குப் பிறகே மோரை ஊற்ற வேண்டும். பல வீடுகளில் சோடாவோடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பொடியில் காரமும் உலர்ந்த அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த அமிலத்தில் ஒரு பகுதி சூடு பட்ட பிறகே வேலையைத் தொடங்கும். சோடா விட்ட வாயுவில் கொஞ்சம் போனாலும், ஓவனுக்குள் இரண்டாவது தடவை உப்பல் கிடைக்கும்.

சோடா வருவதற்கு முன்னால் இந்த பிஸ்கட்டின் கதை வேறு. தென் மாநிலங்களின் பெரிய வீடுகளில் மாவை மரக்கட்டையாலோ கோடரிக் காம்பாலோ அரை மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், மடித்து மடித்து அடிப்பார்கள். அடித்து அடித்துத்தான் காற்றை உள்ளே புகுத்தினார்கள். அடித்த கைகள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களுடையவை. தென்னாட்டுச் சமையலின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மரச் சாம்பலிலிருந்து காய்ச்சி எடுத்த பொட்டாசியம் உப்பையும் மாவு உப்புவதற்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே அந்தச் சாம்பல் உப்பைத் தயாரிக்கும் முறைக்குத்தான்: 1790 ஜூலை 31, சாமுவேல் ஹாப்கின்ஸ் பெயரில், ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்தோடு. ஆனால் அது கொழுப்போடு சேர்ந்தால் சோப்பு வாடை அடிக்கும். 1846-இல் ஜான் டுவைட், ஆஸ்டின் சர்ச் இருவரும் நியூயார்க்கில் சோடியம் பைகார்பனேட்டைக் காகிதப் பைகளில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். பசு வைத்திருந்த எந்த வீட்டிலும் கடைந்த மோர் மிஞ்சும். அதோடு கடையில் மலிவாகக் கிடைத்த சோடா சேர்ந்தது. அரை மணி நேர அடிக்கு அவசியமே இல்லாமல் போனது.

அடுத்து வெண்ணெய். கடையில் வாங்கும் வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு. சுமார் 16 சதவீதம் தண்ணீர், கொழுப்புக்குள்ளே நுண்ணிய துளிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. 100 கிராம் வெண்ணெய் என்றால் 16 கிராம் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி. அந்த ஒரு கரண்டித் தண்ணீர் முழுவதும் கொதித்து ஆவியானால் 26 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பெரும்பகுதி வெளியே ஓடிவிடும் என்றாலும், ஓடுகிற வழியில் மேலே இருக்கும் மாவைத் தள்ளிக்கொண்டுதான் போகும். மோரில் இருக்கும் தண்ணீரும் ஆவியாகும், ஆனால் அது மாவு முழுக்கப் பரவி நிற்கிறது. வெண்ணெயின் ஆவி வெண்ணெய் இருந்த இடத்திலிருந்தே கிளம்புவதால்தான் ஏடு பிரிகிறது.

நெய் வைத்துச் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நெய்யில் தண்ணீர் இல்லை. உருக்கும்போதே சடசடவென்று சத்தம் போட்டுப் போய்விட்டது. நெய் போட்டால் நான்கத்தாய் போல உதிர்கிற ஒன்று வரும், ருசியாகவும் இருக்கும், ஏடு மட்டும் வராது.

வெண்ணெய் இருப்பதைவிட, துண்டாக இருப்பது முக்கியம். பட்டாணி அளவுத் துண்டுகள் மாவுக்குள் கிடக்க, அதை மடித்துத் தட்டும்போது ஒவ்வொரு துண்டும் தட்டையான ஒரு தகடாகிறது. மாவு, வெண்ணெய், மாவு, வெண்ணெய் என்று அடுக்கு விழுகிறது. ஓவனில் தகடு உருகிச் சுற்றியுள்ள மாவில் இறங்கும், அது இருந்த இடம் காலியாகும், அங்கே ஆவி நிரம்பி மேல் அடுக்கைத் தூக்கும். அதே சூட்டில் மாவுச்சத்து ஈரத்தை உறிஞ்சி வீங்கி, புரதம் இறுகி, தூக்கிய நிலையிலேயே அடுக்கு நின்றுவிடும். சூடு குறைவாக இருந்தால் வெண்ணெய் முதலில் உருகித் தட்டில் வழிந்துவிடும், ஆவி பின்னால் வந்து பயனில்லை. அதனால்தான் 220, 230 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். டென்னசியின் குளிர்காலச் சமையலறையில் அதற்குக் கவலை இல்லை. சித்திரை மாதத்துச் சென்னையில் மேடையில் வைத்த வெண்ணெய் தானே குழைந்துவிடும், நம் விரல் நுனியின் சூடே போதும். நான் செய்வது இது: வெண்ணெய்க் கட்டியை முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்து, காலையில் காய் துருவியின் பெரிய கண்ணில் துருவி, மாவையும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்த்தி, இரண்டையும் விரல் நுனியால் உதறிக் கலக்கிறேன். நடுவில் இளகுவது போலத் தெரிந்தால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் மறுபடி உள்ளே. மோர் ஊற்றுவதற்கு முன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படி நிறுத்தலாம்.

மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கோதுமைப் புரதம் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகிறது. பரோட்டாவுக்கு அந்த வலை எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லது. மாவை அடித்துப் பிசைந்து ஊறவைப்பதே அதற்காகத்தான், அப்போதுதான் கிழியாமல் வீசி விரிக்க முடியும். பிஸ்கட்டுக்கு அந்த வலை கொஞ்சமாக இருந்தால் போதும், கூடினால் ரப்பர் மாதிரி இழுக்கும். தென் மாநிலங்களில் விளையும் மென்மையான குளிர்காலக் கோதுமையில் புரதம் குறைவு. 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் பிறந்த ஒயிட் லில்லி மாவு பெயர் வாங்கியது அந்தக் கோதுமையால்தான். அந்த மாதிரி மாவில் புரதம் 8, 9 சதவீதம். ரொட்டி மாவில் 12, 13 வரை போகும். நம் மைதா பெரும்பாலும் நடுவில் நிற்கும், பாக்கெட்டின் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 250 கிராம் மைதாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ன்ஃப்ளார் போட்டால் மென்மை கூடும்.

சரி, அளவு இதுதான்: 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், முக்கால் தேக்கரண்டி உப்பு, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 180 மில்லி குளிர்ந்த மோர். வெண்ணெய் உப்பு போட்டதாக இருந்தால் உப்பைப் பாதியாக்குங்கள். மோரை ஊற்றிக் கரண்டியால் பத்துப் பதினைந்து தடவை கிளறினால் போதும். அங்கங்கே உலர்ந்த மாவு தெரிந்தாலும் பரவாயில்லை. மேடையில் கொட்டி, கையால் தட்டி, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, திருப்பி வைத்துத் தட்டி, இப்படி மூன்று முறை. மூன்றை மூன்று முறை பெருக்கினால் 27 அடுக்கு. ஓர் அங்குல உயரத்துக்குத் தட்டி வெட்டலாம்.

வெட்டும்போது டம்ளரை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். பாட்டில் மூடியைத் திருகுவது போலத் திருகினால் ஓரத்து ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும், பிஸ்கட் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். தட்டில் ஒன்றை ஒன்று தொடும்படி அடுக்குங்கள். பக்கத்தில் பரவ இடமில்லாததால் மேலே போகும். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனை இருபது நிமிடமாவது முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் வசதி இல்லாத மைக்ரோவேவில் இது வராது.

வட்டங்கள் வெட்டியது போக ஓரத்துத் துணுக்குகள் மிஞ்சும். அவற்றைச் சேர்த்து அமுக்கினால் கோணல்மாணலாக ஒன்றிரண்டு தேறும். அதையும் அதே தட்டில் வையுங்கள். கூடுதலாகக் கைபட்டதால் அதில் குளூட்டன் வலை இறுகியிருக்கும், வெண்ணெய்த் தகடுகள் கலைந்திருக்கும். மற்றவை இரண்டு விரல் உயரம் எழும்பினால் இது ஒன்றரைதான் எழும்பும். சூடாக இருக்கும்போதே முதலில் நல்ல ஒன்றையும், அடுத்து இதையும் பிட்டுப் பாருங்கள். முன்னது ஏடாகப் பிரியும். பின்னது பிரியாமல் இழுத்துக்கொண்டே வந்து கடைசியில்தான் பிய்யும்.